நடுவரின் முழங்கை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மைதானத்து வாசலில் நின்ற காவலர் என் பையைத் திறக்கவில்லை. திறக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததாகவும் தெரியவில்லை.
2. "உள்ளே கமரா இருக்கு, லென்ஸ் தனியா இருக்கு" என்று நானே சொன்னேன்.
3. அதன்பிறகு அவர் பையைத் திறந்தார்.
4. என் அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார்.
5. வீதிக்கு எதிர்ப்பக்கம் இருந்த ரொட்டிக் கடையில், ஹெல்மெட்டுகளுக்கு நடுவே, கமரா குடியேறியது.
6. எவருடைய முகத்தைப் படமெடுப்பதற்காக மெல்பேர்ணிலிருந்து அந்தக் கமராவைச் சுமந்து வந்தேனோ, அவர் உள்ளே விசிலும் கையுமாக ஓடத் தயாராகிக்கொண்டிருந்தார்.
7. அது அவருடைய கடைசிப் போட்டி.

இவற்றில் இரண்டாவதற்குத்தான் விளக்கம் தேவைப்படுகிறது. அண்ணி இன்னும் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஆனால் முதலில் அந்த முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

*

என் அண்ணன் ரவீந்திரன் வார நாட்களில் கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். வார இறுதியில் ரக்பி நடுவர். கண்டியில் ரக்பி என்றால் என்ன என்பதைக் கண்டிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. எழுதும்போதுதான் அது ரக்பி. வாயில் வரும்போது ரகர். அண்ணன் பள்ளிக்கூடத்தில் ரகர் விளையாடினார், முழங்காலில் அடிபட்டது, விளையாட்டை விட முடியாமல் விசிலைப் பிடித்துக்கொண்டார். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலிருந்து எங்கள் வீட்டுச் சனிக்கிழமைகள் எல்லாம் அவருடைய கறுப்புக் காலுறை கொடியில் காய்ந்திருக்கிறதா இல்லையா என்ற கேள்வியோடுதான் விடிந்திருக்கின்றன.

இத்தனை காலம் மைதானத்தின் நடுவே ஓடியவருக்கு அங்கே எடுத்த ஒரு படம்கூடக் கிடையாது. அதாவது, முழுதாக ஒன்றும் கிடையாது. கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலை வீட்டில் அண்ணி ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரிகைத் துண்டுகள் வைத்திருக்கிறார். ஒன்றில் பந்தோடு பாயும் வீரர், ஓரத்தில் அண்ணனின் முழங்கை. ஒன்றில் இரண்டு பேர் கட்டிப் புரள, அவர்களுக்குப் பின்னால் ஒரு கால். சப்பாத்து நாடா கட்டியிருக்கும் விதத்தை வைத்து அண்ணி அதை அடையாளம் கண்டுபிடித்தார். ஒன்றில் முதுகு. இன்னொன்றில் காதும் கொஞ்சம் கன்னமும். பத்திரிகைக்காரர்களுக்கு வீரர்தான் வேண்டும். நடுவர் படத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் தூசி மாதிரி. வெட்டும்போது முடிந்த அளவு வெட்டிவிடுவார்கள். மிச்சம் இருப்பது முழங்கை.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அண்ணி தேநீரோடு டின்னையும் நீட்டுவார்.

"இது அவரோட வலது முழங்கை. இது பைனல்ல எடுத்தது, இதுலயும் வலதுதான். இடது ஒண்ணே ஒண்ணு இருக்கு, இருங்க காட்டுறேன்."

அண்ணன் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொள்வார்.

வயது எல்லை வந்துவிட்டது, இந்தப் பருவத்தோடு அண்ணனுக்கு ஓய்வு என்று முடிவானதும் அண்ணி என்னை வட்ஸ்அப்பில் அழைத்தார்.

"தர்ஷி, நீ லீவுல வர்றப்ப அந்தப் பெரிய கமராவக் கொண்டு வா. எனக்கு முகம் வேணும்."

"அதுக்கு என்னத்துக்கு அண்ணி மேட்ச்? வீட்டுலயே நல்லா ஒண்ணு எடுத்துத் தர்றேனே."

"வீட்டுல இருக்கிற முகத்த நான் தினமும் பாக்குறேன். அங்க இருக்கிற முகம் வேணும். நான்தான் ஒரு நாளும் போய்ப் பாத்ததில்லையே."

அது உண்மை. அண்ணி ஒரு போட்டிக்கும் போனதில்லை. கூட்டம் நடுவரைத் திட்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். அதைக் காதால் கேட்டுவிட்டு வந்து அதே மனிதருக்குச் சோறு போட தன்னால் முடியாது என்பார். கடைசி ஒன்றுக்கு மட்டும் வருவதாகத் தீர்மானித்திருந்தார், நான் பக்கத்தில் இருந்தால்.

*

இனி இரண்டாவது இலக்கம்.

மெல்பேர்ணில் என் வேலை, மருத்துவமனைகளில் உள்ள ஸ்கேன் இயந்திரங்களைச் சோதித்துச் சான்று கொடுப்பது. காலையில் ரயில், ஒரு காகிதக் குவளைக் கோப்பி, பிறகு நாள் முழுக்கச் சரிபார்ப்புப் பட்டியல். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆம் அல்லது இல்லை. நடுவில் ஒன்றும் கிடையாது. இந்த வேலை எனக்குப் பிடிக்கும். மனிதர்களோடு பேசும்போதும் கொஞ்சம் அப்படியே ஆகிவிட்டேன் என்று என் கணவர் சொல்வார். நான் இல்லை என்பேன்.

ஆனால் என்னைக் கெடுத்தது வேலையல்ல, விமான நிலையம். அவுஸ்திரேலியாவுக்குள் நுழையும்போது உணவு, விதை, மரம், இலை எதைக் கொண்டுபோனாலும் சொல்லிவிட வேண்டும். முதல் முறை அம்மா கட்டிக்கொடுத்த கருவாட்டோடு நடுங்கிக்கொண்டே போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்: கருவாடு, மிளகாய்த்தூள், கோரக்காய், வல்லாரைப் பொடி. அந்த அதிகாரி பொட்டலத்தை முகர்ந்தார். அவர் கண்ணில் கொஞ்சம் நீர் வந்தது. பிறகு, சொன்னதற்கு நன்றி என்று சொல்லி, எல்லாவற்றையும் திருப்பித் தந்தார்.

அந்த நன்றியில் நான் விழுந்துவிட்டேன். கண்டியில் படித்த காலம் முழுக்க, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல் என்றுதான் பழக்கியிருந்தார்கள். அலுவலகங்களில் அதற்கும் குறைவாகவே சொல்வது நல்லது. இங்கேயோ கேட்பதற்கு முன்னால் சொன்னால் நன்றி கிடைக்கிறது. அன்றிலிருந்து எங்கே ஒரு சீருடையைப் பார்த்தாலும் என் பையில் இருப்பதை ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறேன்.

மெல்பேர்ண் மைதானங்களிலும் கமராவுக்குக் கட்டுப்பாடு உண்டு. லென்ஸ் இவ்வளவு நீளத்துக்கு மேல் போகக்கூடாது, முக்காலி கூடாது, எடுத்த படத்தை விற்கக்கூடாது. என் லென்ஸ் எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒரு தடவை எழுதிக் கேட்டேன். அன்றைக்கே பதில் வந்தது, மூன்று நன்றிகளுடன். அதே முறையில் கண்டிப் போட்டிக்கும் புறப்படுவதற்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. பரவாயில்லை என்று நான் அனுப்பியதையே அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். பல தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு என்னிடம் தொழில்நுட்ப விளக்கம் எதுவும் இல்லை.

*

போட்டி நாளில் அண்ணன் காலையிலேயே போய்விட்டார். அண்ணியும் நானும் மதியம் குண்டசாலையில் பஸ் ஏறினோம். தென்னக்கும்புரப் பாலத்தில் வழக்கம்போல் பஸ் நின்றது. மகாவலி கீழே அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அண்ணி மடியில் சாப்பாட்டுப் பை. முகத்தில் பவுடர். கல்யாண வீட்டுக்குப் போகிற சேலை.

"அண்ணி, வெயில்ல உட்காரணும்."

"அவரு என்னப் பாக்க மாட்டாருதான். பாத்தா?"

நகரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். மைதானத்து வாசலில் இளைஞர் ஒருவர் காவலுக்கு நின்றார். சிங்களவர், கடைத்தெருவில் பழகிய தமிழ். டிக்கெட்டைக் கிழித்தார், என் பையின் அடியில் ஒரு தட்டுத் தட்டினார், "ஹரி, போங்க" என்றார். ஹரி என்றால் சிங்களத்தில் சரி.

அப்போதுதான் சொன்னேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. வருத்தம் இருந்தது.

"நான் கேக்கல்லயே மிஸ்."

"கேக்காட்டியும் சொல்லணும்ல?"

"மிஸ் ஃபொரினா?"

"இல்ல, குண்டசாலை."

அண்ணி என் காலை மிதித்தார். அதற்குள் காவலருக்குப் பின்னால் நின்ற மேலதிகாரி திரும்பிவிட்டார். இனிக் கேட்காதது போல இருக்க அந்த இளைஞருக்கு வழியில்லை. பையைத் திறந்தார்.

"இந்த வருஷம் புது ரூல் மிஸ். டீவிக்காரங்க உரிமை வாங்கியிருக்காங்க. பெரிய கமரா ஏலாது. பாஸ் இருக்கிற பேப்பர்காரங்களுக்கு மட்டும்தான்."

"பெரிசுன்னா எவ்வளவு? லென்ஸ் நீளமா, எடையா?"

"லென்ஸ் கழட்டலாமா?"

"கழட்டலாம்."

"அப்ப ஏலாது."

ஆம், இல்லை. நடுவில் ஒன்றும் கிடையாது. சோதிப்பதற்கு இதைவிட எளிதான விதியை நான் பார்த்ததில்லை. உள்ளே போன ஒவ்வொருவர் கையிலும் போன் இருந்தது, என் கமராவைவிட நல்ல வீடியோ எடுக்கக்கூடிய போன்கள். ஆனால் எதிலும் லென்ஸ் கழற்ற முடியாது. அச்செடுத்த மின்னஞ்சலை நீட்டினேன். அவர் பொறுமையாக வாசித்தார்.

"இது மிஸ் அனுப்பினது. அவங்க அனுப்பினது எங்க?"

அண்ணி என்னை ஓரத்துக்கு இழுத்தார்.

"யாராச்சும் கேட்டாங்களா? சொல்லு. அந்தப் பையன் 'ஹரி'ன்னு சொன்னது எனக்கே கேட்டுச்சு. உனக்குக் கேக்கலையா?"

சொல்லிக்கொண்டே சாப்பாட்டுப் பையின் மூடியைத் திறந்து காட்டினார். இடியப்பப் பார்சலுக்கும் சம்பல் டப்பாவுக்கும் நடுவில் துண்டு விரித்து, சரியாக ஒரு லென்ஸ் அளவுக்கு இடம் விட்டிருந்தார். மூடியை மறுபடி மூடினார்.

பிறகு அண்ணனுக்குப் போன் போட்டார். போட்டிக்கு முன் அண்ணன் போன் எடுக்கமாட்டார். அன்றைக்கு எடுத்தார், வீட்டில் ஏதோ ஆகிவிட்டதென்று பயந்திருக்க வேண்டும்.

"என்னங்க, கேட்ல கமராவ விடமாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா…"

"யாரோட கமரா?"

"நம்ம தர்ஷியோடது."

"என் தங்கச்சியோடதா? அப்ப விடவே கூடாது." போன் அணைந்துவிட்டது.

அண்ணி போனையே பார்த்தார். "பாத்தியா? இந்த மனுசனோட முகத்துக்குத்தான் நாம இவ்வளவு பாடுபடுறோம்."

எதிரே ரொட்டிக் கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். போட்டி நாட்களில் பார்க்க வருகிறவர்களின் ஹெல்மெட்டுகளை வைத்துக்கொடுப்பதும் அவர்தான். "இங்க தாங்க மகள். ஒண்டும் ஆகாது. வந்து எடுங்க" என்று கமராவை வாங்கி, ஒரு சிவப்பு ஹெல்மெட்டைக் கவிழ்த்து மூடி வைத்தார்.

*

உள்ளே, எங்களுக்கு முன் வரிசையில் இருந்த இளைஞர் தன் போனை ஒரு குச்சியில் மாட்டி, போட்டி முழுவதையும் யாருக்கோ நேரடியாகக் காட்டிக்கொண்டு, தானே வர்ணனையும் செய்தார். காவலர் அவரைத் தாண்டிப் போனபோது தலையசைத்து ஸ்கோர் கேட்டுக்கொண்டு போனார்.

நானும் என் போனைத் தூக்கினேன். பச்சைக்கு நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. பெரிதாக்கினால் மஞ்சள் சதுரம்.

"இதுவா அவரு?" என்றார் அண்ணி.

"ம்."

"முழங்கையாவது தெரிஞ்சிச்சு பேப்பர்ல."

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் படத்துக்கு வெளியே நிற்கும் ஆள் அண்ணன் மட்டும் அல்ல. நான் மெல்பேர்ண் போனபிறகு நடந்த கல்யாணங்கள், காதுகுத்துகள் எல்லாவற்றிலும் நான் இருக்கிறேன்: யாரோ ஒருவர் உயர்த்திப் பிடித்திருக்கும் போன் திரையில், கட்டைவிரல் அளவில், பெரும்பாலும் வாய் திறந்தபடி. தங்கை முறையுள்ள ஒருத்தியின் கல்யாணப் படத்தில் போனைப் பிடித்திருக்கும் மாமாவின் விரல் சரியாக என் முகத்தின்மேல் இருக்கிறது. ஆல்பம் காட்டும்போது அண்ணி அதையும் சொல்லுவார், "அந்த விரலுக்குப் பின்னாடி தர்ஷி" என்று. இந்த வீட்டில் ஆளைத் துண்டு துண்டாகவாவது கணக்கில் வைத்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்பது தூரத்தில் இருப்பவருக்குச் சிறிய விஷயம் அல்ல.

ஆட்டம் சூடு பிடித்தது. அண்ணன் ஊர் அணிக்கு எதிராக ஒரு பெனால்டி கொடுத்தார். மைதானமே எழுந்து நின்றது. முன் வரிசை இளைஞர் வர்ணனையை நிறுத்திவிட்டு, "ரெபரி! கண்ணு தெரியல்லயா?" என்று சிங்களத்தில் கத்தினார். நான் அண்ணியின் கையைப் பிடித்தேன். அண்ணி கையை விடுவித்து, முன்னால் குனிந்து, அவர் தோளைத் தட்டினார்.

"தம்பி, அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும். இப்பத்தான் கிளினிக்குக்குக் கூட்டிப் போய் வந்தேன்."

சிங்களத்தில்தான் சொன்னார், தெளிவாக. இளைஞர் திரும்பி, சேலையையும் பவுடரையும் பார்த்தார். ஆட்டம் முடியும்வரை அவருடைய வர்ணனையில் நடுவர் மிகவும் நேர்மையான மனிதராக இருந்தார்.

*

இடைவேளையில் வேலிப் பக்கம் போனோம். அங்கே பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஒருவர், கழுத்தில் பாஸ், தோளில் என் லென்ஸைவிட மூன்று மடங்கு நீளமான லென்ஸ், கையில் இறால் வடை. தமிழ் பேசுகிறவர் என்று தெரிந்ததும் நான் விஷயத்தைச் சொன்னேன். நடுவரை ஒன்று எடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன்.

"ரெபரியயா?" அவர் வடையை நிறுத்தினார். "இத்தன வருஷத்தில ஒருத்தரும் கேட்டதில்ல. ரெபரிட அம்மாவும் கேட்டதில்ல."

"நீங்க எந்தப் பேப்பர்?" என்றார் அண்ணி. அவர் சொன்னார். "பேரு?"

"ரிஸ்வான்."

அண்ணி வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஓ. நீங்கதானா அது!"

பிஸ்கட் டின்னில் இருக்கும் ஒவ்வொரு துண்டின் கீழும் அந்தப் பெயர் இருக்கிறது. முழங்கைக்குக் கீழே ரிஸ்வான். காலுக்குக் கீழே ரிஸ்வான். எத்தனையோ வருடங்களாக அண்ணி இந்த மனிதரோடு மனதுக்குள் சண்டை போட்டிருக்கிறார்.

"உங்களுக்கு என் வீட்டுக்காரரு என்ன செஞ்சாரு? காது ஒரு நாள், கால் ஒரு நாள். கறிக்கடையா நடத்துறீங்க?"

"ஐயோ அக்கா, நான் முழுசாத்தான் எடுக்கிறன். ஆபீஸ்ல வெட்டுறாங்க."

"வெட்டும்போது நீங்க பாத்துக்கிட்டு இருப்பீங்களா?"

ரிஸ்வான் வடையை முடித்தார். கையைக் காற்சட்டையில் துடைத்தார். பிறகு, "முகம்தானே வேணும்? செகண்ட் ஹாஃப்ல எடுத்துத் தர்றன். இன்ஷா அல்லாஹ்" என்றார். "அக்காட நம்பரத் தாங்க."

*

இரண்டாம் பாதியில்தான் அந்த வேலை எவ்வளவு கடினம் என்பது புரிந்தது. நடுவர் எப்போதும் பந்தைப் பார்ப்பார். பந்து எப்போதும் ரிஸ்வான் இருக்கும் பக்கத்திலிருந்து விலகிப் போகும். ரிஸ்வானுக்குக் கிடைத்ததெல்லாம் முதுகு. படப்பிடிப்பாளர்கள் தாண்டக்கூடாது என்று புல்லில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். அவர் கோட்டோரமாகவே முன்னும் பின்னும் ஓடினார். வீரர் ஒருவர் பந்தோடு அவருக்கு நேராகப் பாய்ந்து வந்தபோதுகூட அவர் லென்ஸ் வேறு பக்கம் இருந்தது. பக்கத்திலிருந்த இன்னொரு படப்பிடிப்பாளர் அவரை விசித்திரமாகப் பார்த்தார்.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் பக்கத்து மூலையில் ஸ்கிரம் அமைந்தது. வீரர்கள் தோளோடு தோள் கோத்துக் குனிந்தார்கள். அண்ணன் அவர்களுக்கு அந்தப் பக்கம், முகம் எங்களைப் பார்த்து. ரிஸ்வானுக்கும் அண்ணனுக்கும் நடுவே ஒரு கொடிக்கம்பம் மறைத்தது. அவர் ஓரடி எடுத்து வைத்தார். கோட்டைத் தாண்டினார். இன்னும் ஓரடி. மண்டியிட்டார்.

விசில் ஒலித்தது.

அண்ணன் ஸ்கிரம்மை நிறுத்தினார், நேரத்தை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார், குனிந்திருந்த வீரர்களைச் சுற்றிக்கொண்டு நேராக ரிஸ்வானை நோக்கி நடந்து வந்தார். விசில் வாயிலேயே இருந்தது. வலது கையை முழுதாக நீட்டி, கோட்டுக்கு அப்பால் போகச் சொன்னார். முழு மனிதர்: முகம், கை, நெஞ்சு, கால், சப்பாத்து. கூட்டம் விசிலடித்தது. அண்ணி பெஞ்சின்மேல் ஏறி நின்றார், அந்தச் சேலையோடு.

"முகம்! தர்ஷி, முகம்!"

ரிஸ்வான் பின்வாங்கினார். ஆனால் உடனே அல்ல. என் கையில் போன் இருந்தது. எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கைதட்டிக்கொண்டிருந்தேன்.

*

ஊர் அணி தோற்றது. அண்ணன் குளித்து உடை மாற்றி, பையோடு வெளியே வந்தபோது நாங்கள் ரொட்டிக் கடையில் கமராவுக்காகக் காத்திருந்தோம்.

"எவனோ ஒரு கமராக்காரன் கோட்டுக்குள்ள வந்துட்டான்," என்றார் வந்ததும் வராததுமாக. "இத்தன வருஷத்துல ஒருத்தனும் வந்ததில்ல. கடைசி நாள்ல வர்றான். பாஸைப் பறிச்சிருக்கணும், பாவம்னு விட்டேன்."

அண்ணி எதிரே இருந்த மலையைப் பார்த்தார். நான் ஹெல்மெட்டுகளைப் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் ஏன் சிரிக்கிறீங்க?"

அப்போது அண்ணியின் போன் கத்தியது. ரிஸ்வான் அனுப்பியிருந்தார். அண்ணி திறந்து பார்த்தார். அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை. அந்தச் சின்னத் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். வெயிலில் கறுத்து, வேர்த்து, கண்ணைச் சுருக்கி, தான் சொன்னது நடந்தே ஆகவேண்டும் என்கிற நிச்சயத்தோடு ஒரு மனிதர் அதில் இருந்தார். அப்படி ஒருவரை அண்ணி வீட்டில் பார்த்ததே இல்லை. வீட்டில் அண்ணன் சொல்வது எதுவும் நடப்பதில்லை.

"இவரா தினமும் என்கிட்ட சட்டை பட்டன் தைக்கக் குடுக்கிறவரு?" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

அண்ணன் போனை வாங்கிப் பார்த்தார். படத்தையும், மனைவியையும், என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் அவருக்கு மெல்லப் புரிந்தது.

"நீங்கதான் அவன உள்ள வரச் சொன்னீங்களா?"

"கோட்டத் தாண்டச் சொல்லல," என்றார் அண்ணி. "முகம்தான் கேட்டேன்."

அண்ணன் இன்னொரு தரம் படத்தைப் பார்த்தார். பெரிதாக்கினார்.

"கை நேரா இல்ல. முழங்கை கொஞ்சம் மடிஞ்சிருக்கு."

ஒரு நிறைவுக்காக, கமராவை ஹெல்மெட்டிலிருந்து மீட்டு, இப்போது எந்த விதிக்கும் உட்படாத அந்த வீதியோரத்தில் அண்ணனை நிற்கவைத்து நானும் சில படங்கள் எடுத்தேன். அவர் அடையாள அட்டைக்கு நிற்பது போல நின்றார். அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "இது வீட்டு முகம்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் பத்திரிகையில் வென்ற அணி வீரர் பந்தோடு விழும் படம் வந்தது. படம்: ரிஸ்வான். ஓரத்தில் ஒரு முழங்கை. அண்ணி அதையும் வெட்டி டின்னில் போட்டார்.

*

போன சனிக்கிழமை மெல்பேர்ணில் கணவரோடும் மகளோடும் ஓர் ஆட்டத்துக்குப் போனேன். வாசலில் கமராவைப் பற்றி நானே சொன்னேன், அளந்து பார்த்தார்கள், நன்றி சொன்னார்கள். உள்ளே உட்கார்ந்து ஆட்டம் முழுக்க எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே நடுவர்கள். பெயர் தெரியாத, விசிலோடு ஓடுகிற, முழுதாக இருக்கிற மனிதர்கள். அவர்களுடைய வீடுகளில் யாராவது கேட்டிருக்கிறார்களா என்று தெரியாது.

ரிஸ்வானின் படம் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலும் ஒன்று ஒட்டியிருக்கிறது. நான்கு வயதாகும் என் மகளுக்கு மாமா என்றால் வட்ஸ்அப்பில் வரும் காதும் நெற்றியும்தான். இப்போது முழு ஆளாகக் கிடைத்துவிட்டார். 'ஸ்டொப் மாமா' என்று பெயர் வைத்திருக்கிறாள். சொல்லித் தந்த தமிழெல்லாம் ஒரு பக்கம் இருக்க, ஐஸ்கிரீம் எடுக்கப் போகும்போது மட்டும் கதவைப் பார்த்து, "மாமா, ஒண்ணே ஒண்ணு" என்று சுத்தமான தமிழில் அனுமதி கேட்கிறாள். மாமா கை நீட்டியபடியே இருக்கிறார். அவள் எடுத்துக்கொள்கிறாள். அண்ணனிடம் இதைச் சொன்னேன். வீட்டில் தன் நிலைமையும் அதுதான் என்றார்.

இப்போதைய நிலை இது. அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். சனிக்கிழமைகளில் கொடியில் கறுப்புக் காலுறை இல்லை. படம் சட்டம் போட்டு, குண்டசாலை வீட்டில் வாசலுக்கு நேரெதிரே மாட்டப்பட்டிருக்கிறது. மின்மானி வாசிக்க வந்தவர் படியிலேயே நின்றுவிட்டாராம். மைதானத்திலிருந்து என் மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை. கமரா அலுமாரியில் இருக்கிறது, லென்ஸ் கழற்றித் தனியாக. முகம் அண்ணியிடம் இருக்கிறது.